ஒன்பது கிணறும் பாய் வீட்டுக் கிணறும்

1

என் அம்மாவுக்கு இறந்த தேதி இரண்டு. ஒன்று ஜூன் மாதத்தில் வருகிறது. அது ஊருக்கெல்லாம் தெரிந்தது. வருஷா வருஷம் திதி பார்த்து நான் திவசம் செய்வதும் அதற்குத்தான். இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. அது எனக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல், அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இந்த ஹாலந்து தேசத்தில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சைக்கிள் ஓட்டினேன், ஒரு பிறந்தநாள் விருந்தில் பாட்டுக்கூடப் பாடினேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷத் திதி நேற்று வந்தது. ஆபீசுக்கு லீவு போட வேண்டும். கம்ப்யூட்டர் காரணம் கேட்கிறது. அதன் பட்டியலில் வீடு மாற்றுவது உண்டு, பல் பிடுங்குவது உண்டு, திவசம் இல்லை. கிட்டத்தில் இருந்தது ‘குடும்ப விழா’. அதை அழுத்தினேன். மேலதிகாரி உடனே, நன்றாகக் கொண்டாடுங்கள் என்று பதில் போட்டார். மனுஷரைக் குற்றம் சொல்லி என்ன பயன்!

எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்து, இலையில் உட்கார்ந்தபோது என் பெண் கேட்டாள். பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எங்களுக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

“அப்பா, பாட்டி செத்துச்சே, அப்ப நீ அங்க இருந்தியா?”

“காலமானான்னு சொல்லுடி” என்றாள் என் மனைவி.

“விடு, அவளுக்குத் தெரிஞ்ச வார்த்தை அது” என்றேன். “இல்லம்மா, நான் இங்கதான் இருந்தேன்.”

“ஏன் போகல?”

“கையில பாஸ்போர்ட் இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். பாஸ்போர்ட் என்பது அவளுக்கு மேஜை இழுப்பறையில் கிடக்கிற சிவப்புப் புத்தகம். எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அது எப்படி ஒருவன் கையில் இல்லாமல் போகும் என்று கேட்டாள். பாதி சொன்னேன். அதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்து, எழுந்து போய்விட்டாள். மீதியை உங்களுக்குச் சொல்கிறேன். மயிலாப்பூர் மாட வீதியின் நீளம் அகலம் தெரிந்தவர்களிடம் சொன்னால் பாதி விளக்கம் மிச்சம்.

2

தொண்ணூறுகளின் நடுவில் இங்கே படிக்க வந்தேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு. பருவநிலை மாறி, மழை முறை தவறி, கடல் மட்டம் ஏறினால் ஊர்கள் தங்கள் தண்ணீரை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது பாடம். அந்தக் காலத்தில் இதை மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்பா, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், “ஸ்காலர்ஷிப் குடுக்கறானோல்லியோ, போயிட்டு வா” என்று முடித்துவிட்டார். அம்மா விடவில்லை.

“ஏண்டா, தண்ணியப் போய் ரெண்டு வருஷம் படிக்கணுமா? குழாயில வரலேன்னா லாரி வரும். லாரி வரலேன்னா கிணறு. இதுல படிக்க என்னடா இருக்கு?”

“கிணறும் வத்திடுத்துன்னா?”

“அபசகுனமாப் பேசாதே. போய்ப் படி.”

வந்து இறங்கிய ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தது. கால்வாய்த் தண்ணீர் மேலே, வீடுகள் கீழே. ராப்பகலாக எங்கேயோ ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் ஊர் இல்லை. பிற்பாடு அப்பா ஒரு தடவை இங்கே வந்து, கரைமேல் நின்று கீழே எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு, “நீ குடியிருக்கிறது கிணத்துக்குள்ளேடா” என்றார். முதல் குளிர்காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலரை மணிக்கே இருட்டுகிற வானம். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். வகுப்பில் யாராவது நகைச்சுவை சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எனக்குப் புரியும்; அதற்காகவே ஒரு முந்திரிக்கொட்டைச் சிரிப்பைப் பழகிவைத்திருந்தேன். திரும்பிப் போகலாம் என்றால் வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஆராய்ச்சிக்கு எங்கள் பேட்டையையே எடுத்துக்கொண்டேன். கடற்கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் மயிலாப்பூர்க் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழை குறைந்து, எல்லோரும் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டே போனால் அது எத்தனை நாள் தாங்கும்? இதைச் சொல்ல ஒரு வருஷத்துக்கு, வாரா வாரம் கிணற்று மட்டம் எனக்கு வேண்டும். நானோ இங்கே. அளப்பது யார்?

3

அந்த டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போனேன். வடக்கு மாட வீதியிலிருந்து லஸ் வரைக்கும் சுற்றிப் பத்துக் கிணறு தேர்ந்தெடுத்தேன். அளக்கிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். வேலை சுலபம்தான். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விட வேண்டும். வெளியே எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறது என்று கோடு தெரியும். விட்ட நீளத்தில் நனைந்ததைக் கழித்து எழுத வேண்டும். ஆனால் காலையில் அந்த வீட்டார் மோட்டார் போடுவதற்கு முன்பே அளந்தாக வேண்டும். இல்லையென்றால் அளவு தப்பு.

அம்மாதான் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கினாள். முதல் வீட்டு மாமி கேட்டாள்: “காலங்கார்த்தால மடியா ஜலம் எடுக்கிற கிணறு. மாமா குளிச்சுட்டு வருவாரோ?”

“குளிக்காம வருவாரா? நாலரைக்கே குளிச்சுட்டு, மடிசஞ்சியாட்டம் கிளம்பி வருவார். நீ பயப்படாதே.”

“டேப்பை எந்தெந்தக் கிணத்துல விட்டுட்டு வருவார்?”

அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து பத்தாவதில் நின்றாள். பத்தாவது கிணறு யூசுப் பாய் வீட்டுக் கிணறு. பாய் லஸ்ஸுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். நான் கொண்டுபோன பெட்டி அவர் கடையில் வாங்கியதுதான். எங்கள் வீட்டில் போன் கிடையாது. வெளிநாட்டிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் கடைக்குத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் வீட்டுக் கிணற்றில் இறங்கிய டேப் தன் வீட்டுக் கிணற்றில் இறங்கப்படாது என்று மாமி சொல்லிவிட்டாள். ஒன்பது வீட்டிலும் ஏறத்தாழ இதே பேச்சு. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட்டால் ஒன்பது கிணறும் போகும். வாயை மூடிக்கொண்டு பாய்க்கென்று தனியாக ஒரு டேப் வாங்கினேன்.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கா விஷயம் புரியாது! டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எனக்கே எனக்கா தம்பி? ரொம்ப சந்தோசம். கடைல டேப்பு ஒடஞ்சி கெடக்குது, அதுக்கும் ஆச்சி. சார் எங்க வூட்டுக்கு வர வேணாம். காலங்காத்தால பொம்பளைங்க இருப்பாங்க. நானே அளந்து சீட்டு எழுதிக் குடுத்துடறேன்.”

கிளம்புகிற அன்றைக்கு அப்பாவிடம் நோட்டைக் கொடுத்து, பரீட்சைக்கு முன்னால் அவர் எனக்குச் சொல்வாரே அந்தத் தோரணையில் சொன்னேன்: “அப்பா, புதன்கிழமை புதன்கிழமை அளந்தாகணும். ஒரு வாரம் விட்டாலும் எனக்கு ஒரு வருஷம் போச்சு. ஞாபகம் வெச்சுக்கோங்கோ.”

அப்படி எந்த விதியும் இல்லை. அவர் சோம்பிவிடுவாரோ என்று சும்மா ஒரு மிரட்டல். வாத்தியாருக்கே பாடம் எடுக்கிற மப்பு எனக்கு அப்போது.

4

ஜனவரியிலிருந்து அளவுகள் வந்தன. மாதத்துக்கு ஒரு நீலநிற ஏர்மெயில் கடிதம். உள்ளே கட்டம் போட்டு, பத்துக் கிணற்றுக்கும் நான்கு வாரத்துக்கும் அடி, அங்குலம். அப்பாவின் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். மடிக்கிற ஓரத்தில் அம்மாவுக்கு என்று இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார். “வெறும் ரொட்டி தின்னாதே. தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ” என்று அவள் எழுதியிருப்பாள். நான் முதலில் கட்டத்தைத்தான் பார்ப்பேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் என் விசா முடிகிற கட்டம் வந்தது. நீட்டிப்பதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் போனால், எந்த மேஜையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அப்புறம் அந்த மேஜைக்காரர் கோடை விடுமுறைக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் நாட்டைவிட்டு நகரக்கூடாது. மே கடைசியில், ஆத்திரத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘இங்கே கைதி மாதிரி இருக்கிறேன். உயிரே போனாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது’ என்று எழுதியிருந்தேன். எழுதித் தபாலில் போட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அது அவர்கள் மனசில் எங்கே போய் உட்காரும் என்று யோசிக்கவில்லை.

ஜூன் மாதக் கட்டம் ஜூலையில் வந்தது. ஒன்பது கிணறுகள் நடு இரண்டு வாரமும் சீராக இறங்கியிருந்தன. கடைசி வாரத்தில் எல்லாம் ஒரே மூச்சில் சில அடி ஏறியிருந்தன. பாய் வீட்டுக் கிணறு மட்டும் இரண்டு வாரம் முன்னதாகவே ஏறிவிட்டிருந்தது. ஒன்பது ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். எனக்கு வழிகாட்டிய இளம் ஆசிரியர் அந்த ஒன்றைச் சுட்டி, “இதைத் தூக்கிவிடு, அளந்தவர் வாரத்தை மாற்றி எழுதியிருக்கிறார்” என்றார். எனக்கும் அதுதான் பட்டது. அப்பாவுக்கு எழுதினேன்: ‘பாய்க்கு அளக்கத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள்.’

அப்பா பதிலில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘பாய் சரியாகத்தான் அளக்கிறார்.’

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பாய் கடைக்குப் போன் பண்ணுவது வழக்கம். ஜூலையில் பண்ணியபோது அப்பா மட்டும் வந்திருந்தார். “அம்மாவுக்கு முட்டி வலி. லஸ் வரைக்கும் நடக்க முடியலடா” என்றார். ஆகஸ்டிலும் அதே முட்டி வலி. “டாக்டர்கிட்ட காட்டுங்கோ” என்று சொன்னேன். போன் அட்டையில் நிமிஷம் குறைந்துகொண்டே வந்தது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட. அம்மா வந்தால் என்ன சமைத்தாய், என்ன சாப்பிட்டாய் என்றே நேரம் போய்விடும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

5

ஆகஸ்ட் கடைசியில், வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு நண்பன் மூலம் நான் கேட்டிருந்த தினசரி மழை அளவுகள் தபாலில் வந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. பெரிய வரைபடத் தாளில் கிணற்று மட்டங்களைக் கோடாக வரைந்து வைத்திருந்தேன். அதற்கு மேலே மழையைக் கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டு வந்தேன். ஜனவரி ஒன்றுமில்லை. பிப்ரவரி ஒன்றுமில்லை. ஜூன் நடுவில் வந்ததும் பேனா நின்றது.

காலம் தப்பிய மழை. கொட்டு கொட்டு என்று கொட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒன்பது கோடுகள் எதுவுமே நடக்காத மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. நேராக மேலே ஏறியிருந்த ஒரே கோடு, நான் சிவப்பில் அடித்துவைத்திருந்த பாய் வீட்டுக் கோடு.

அப்பாவின் கட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு கிணறும் வாரத்துக்கு இவ்வளவு என்று முந்தின வாரங்களின் கணக்கிலேயே, அரை அங்குலம் பிசகாமல் இறங்கியிருந்தது. எந்தக் கிணறும் அப்படி இறங்காது. அது கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு. அப்பா போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். ஒரு பையன் அரை மார்க்குக்குக் கெஞ்சினாலும் கொடுக்காத மனுஷர், என் ஆராய்ச்சியில் பொய்க் கணக்கு எழுதுகிறாரா? மழை பெய்தால் என்ன, குடை கிடையாதா? கால் கடுத்ததா? திட்டிக் கடிதம் எழுத ஒரு தாளையும் எடுத்துவிட்டேன். ‘இரண்டு வாரம் ஒன்பது வீட்டுக்குள்ளும் போகாமல்’ என்று எழுதும்போதுதான் கை நின்றது.

ஒரு வாரம் இல்லை. மூன்று வாரம் இல்லை. இரண்டு புதன்கிழமை. உடம்பு சரியில்லையென்றால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார். மழையென்றால் மறுநாள் போயிருப்பார். அடுத்தவர் வீட்டு வாசற்படி ஏறாமல், அடுத்தவர் கிணற்றைத் தொடாமல் எங்களவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு காரணத்துக்கு. பத்து நாள் தீட்டு. பாயின் சீட்டு மட்டும் நடந்து வந்திருக்கிறது, ஏனென்றால் அவருக்குத்தான் தனி டேப்.

யாருக்கு? அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. பங்காளி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. எனக்கும் அண்ணன் தம்பி கிடையாது. பத்து நாள் தீட்டுக் காக்க வேண்டிய உறவில் மிச்சம் இருந்தது அப்பா, அம்மா, நான். அப்பாதான் எழுதுகிறார். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அறைக்கு ஓடி, கடிதங்களைக் கொட்டிப் பார்த்தேன். ஜூலைக் கடிதம், ஆகஸ்ட் கடிதம். மடிக்கிற ஓரம் வரைக்கும் அப்பாவின் கையெழுத்தே இருந்தது. இரண்டு விரற்கடை இடம் இல்லை. கிணற்றில் சில அடி வித்தியாசம் என் கண்ணில் பட்டது, அம்மா எழுதாதது படவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு மேல்மாடிக்காரன் குதிகாலால் தரையைத் தட்டினான்.

6

மறுநாள் காலை பாய் கடைக்குப் போன் பண்ணினேன். முறைநாள் இல்லை என்பதால் பாய் திகைத்துப் போனார். ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

“அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கோ.”

“முட்டி வலின்னு சொன்னேனேடா.”

“முட்டி வலி இல்லப்பா. ஜூன்ல ரெண்டு புதன்கிழமை நீங்க அளக்கப் போகல.”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

“ஆமாம். போகல” என்றார் அப்பா. “அந்த ரெண்டு வாரத்தையும் அடிச்சுடு. ஒன்பதும் பொய். பாய் ஆத்துது மட்டும் நிஜம். அது இன்னொருத்தர் அளந்து குடுத்தது, அதை மாத்தி எழுத எனக்குக் கை வரலை.”

“ஏம்ப்பா சொல்லல?”

“எப்படிடா சொல்றது? கைதி மாதிரி இருக்கேன்னு நீதானே எழுதியிருந்தே. அடைச்சு வெச்சிருக்கறவன்கிட்ட போய் உங்க அம்மா போயிட்டான்னு சொன்னா, நீ அங்க செவுத்துல முட்டிப்பே. வரவும் முடியாது. ஒரு வாரம் விட்டா ஒரு வருஷம் போச்சுன்னும் சொல்லிட்டுப் போனே. அவளும் போயாச்சு, உன் படிப்பும் போகணுமா? நானே காரியம் பண்ணினேன். குறையில்லாமத்தான் பண்ணினேன்.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பாய் வாங்கிக்கொண்டார்.

“தம்பி, அழுவாத. செவ்வாக்கெழம அது. ராத்திரிலேருந்து ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு சார் நனைஞ்சிக்கினே ஓடியாந்தாரு. ஆட்டோ புடிச்சேன். பாதி வழில முட்டிக்கு மேல தண்ணி, வண்டி நின்னுடுச்சி. டிரைவரு, ‘பாய், இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்துகிச்சி, இனிமே ஓடாது. நீ அந்தாண்ட புடி, தள்ளிக்கினே பூடலாம்’னான். ரெண்டு பேரும் தள்ளுனோம். சார் உள்ள அம்மா தலைய மடில வெச்சிக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசலாண்ட போயி நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், சார் பேசல. எனக்குப் புரிஞ்சிடுச்சி.”

“பாய், உங்களுக்கு அளக்கத் தெரியலன்னு நான் எழுதிட்டேன்.”

“சார் படிச்சிக் காமிச்சாரு. அது கெடக்குது வுடு தம்பி. நெதம் போன் பண்ணு, நான் கடைலதான் இருப்பேன்.”

வைப்பதற்கு முன் அப்பா திரும்ப வாங்கினார். “புதன்கிழமை வர்றது. போய் அளந்துடறேன்” என்றார். டிசம்பர் வரைக்கும் ஒரு புதன்கிழமைகூட அவர் விடவில்லை.

7

திங்கட்கிழமை வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் எண் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கெட்டவள் இல்லை. எனக்குத்தான் அவர்கள் பாஷை அரைகுறை. ‘அம்மா இறந்துவிட்டாள்’ என்பதற்குப் பதில் ‘அம்மா இறந்துகொண்டிருக்கிறாள்’ என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன். அவள் பதறி எழுந்தாள். அவசரமென்றால் இன்றைக்கே பயணத்தாள் தரலாம், மேலதிகாரியைக் கேட்கிறேன் என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள்.

“இல்லை, இறந்தாகிவிட்டது.”

“அடடா. எப்போது?”

“ஜூன்.”

அவள் மெல்ல உட்கார்ந்தாள். எடுத்த தாளைத் திரும்ப உள்ளே வைத்தாள். ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னாள்: “அப்படியானால் இப்போது அவசரம் எதுவும் இல்லையே.”

எனக்கு நேற்றுத்தானே செத்துப்போனாள்! அதைச் சொல்ல அந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை இல்லை. தமிழில் சொன்னாலும் அவள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கேயாவது போக வேண்டும் போலிருந்தது. அறைக்கும் கல்லூரிக்கும் தவிர எனக்குப் போக இடம் இல்லை. கால்வாய் ஓரமாக நடந்தேன், பாலம் வந்ததும் திரும்பினேன், மறுபடி நடந்தேன், மறுபடி பாலம் வந்தது. பாஸ்போர்ட் அக்டோபரில்தான் கைக்கு வந்தது.

8

இனி மிச்சம் இருந்தது படிப்பு. இரண்டு வாரம் பொய்க் கணக்கு என்று தெரிந்த பிறகு அதை மூடி மறைக்க முடியாது. சொன்னால் ஒரு வருஷ அளவும் செல்லாது என்பார்கள், ஸ்காலர்ஷிப் நிற்கும், அப்பா அத்தனையும் எதற்காகச் செய்தாரோ அது மண்ணாகும். சொல்லாமல் விட்டால், அம்மா செத்த வாரத்தில் மயிலாப்பூரில் மழையே பெய்யவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க இதை வைத்துக்கொண்டு மருகினேன். புதன்கிழமை காலை, தலைமைப் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். வயதானவர், நெட்டை, அதிகம் பேசமாட்டார். அவரிடம் நேராகப் பேசுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

வரைபடத்தை மேஜையில் விரித்தேன். மழையைக் காட்டினேன். ஒன்பது கோடுகளைக் காட்டினேன். “இந்த இரண்டு வாரமும் யாரும் அளக்கவில்லை. எழுதியது கற்பனை. பத்தாவது கிணறு மட்டும் உண்மை” என்றேன். என்னை வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு கிட்டக் குனிந்து பார்த்தார். மழையையும் பாய் வீட்டுக் கோட்டையும் விரலால் ஒப்பிட்டார். “அழகாக ஏறியிருக்கிறது. இந்த ஒரு கிணறே போதுமே, மழை எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று தெரிய” என்றார்.

“அந்த இரண்டு வாரம்?”

“எந்த இரண்டு வாரம்?”

“விடுபட்டது.”

“ஓ. கோடு போட்டுவிடு.”

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

“அளக்காத இடத்தில் ஒரு சின்னக் கோடு போடு. எல்லாருக்கும் விடுபடும். எனக்கு ஒரு தடவை ஐந்து மாதம் விடுபட்டது” என்றார்.

“காரணம் எழுத வேண்டுமா?”

“வேண்டாம். யாரும் கேட்கமாட்டார்கள்.”

படியிறங்கி ஆய்வுக்கூடத்துக்கு வந்து அட்டவணையை எடுத்தேன். அந்த டிசம்பரில் மிரட்டியதற்குப் பதில், ‘முடியாத வாரம் ஒரு கோடு போட்டுடுங்கோப்பா’ என்று சொல்லியிருக்கலாம். அப்பா கோடு போட்டு அனுப்பியிருப்பார். ஏன் கோடு என்று நான் ஜூலையிலேயே கேட்டிருப்பேன். அந்த மனுஷர் இரண்டு மாதம் லஸ்ஸுக்குத் தனியாக நடந்து வந்து, இல்லாதவளுக்கு முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்க வேண்டாம். ஒன்பது கிணறு, இரண்டு வாரம். அப்பா எழுதிய பதினெட்டு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டுக் கோடு போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.